வாத்தின் அடிப்பக்கம்

பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அந்த மனுஷனுக்கு ‘மல்லாக்கு’ என்று பட்டப்பெயர் விழுந்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரைக்கும் அவர் மல்லாக்கப் படுத்தேதான் காலத்தை ஓட்டினார். நாலு சின்னச் சக்கரம் வைத்த ஒரு பலகை. அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காலால் தரையை ஒரு உந்து உந்தினால் பஸ்ஸின் வயிற்றுக்குக் கீழே போய் நிற்கலாம். மற்றவர்கள் உலகத்தை நேராகப் பார்த்துக் கெட்டுப்போன காலத்தில் அவர் அடியிலிருந்து பார்த்துக் கெட்டுப்போனார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றால்கூட அவர் முகப்பைப் பார்க்க மாட்டார். பஸ் எங்கே போகிறது என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எல்லோரும் அதைப் படித்துவிட்டு ஏறுவார்கள். இவர் குனிந்து, சக்கரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்து, “இது சைலன்சர் தொங்குற வண்டி, ஆஸ்பத்திரி வழியாப் போறது” என்று சொல்லிவிட்டு ஏறுவார். ஒருமுறை யாரோ கடமை தவறாதவன் அந்த சைலன்சரை மாற்றிவிட்டான். அன்றைக்கு இவர் எங்கேயோ போய் இறங்கி, திரும்பி வர சாயங்காலம் ஆகிவிட்டது. மனைவி கேட்டதற்கு, பஸ் பொய் சொல்லிவிட்டது என்றார்.

ஓய்வு பெற்ற அன்று கூட்டாளிகள் அவருக்கு ஒரு கேமரா கொடுத்தார்கள். ஏற்கெனவே யாரோ வைத்திருந்து சலித்துப் போட்டது. அதில் நிறம் மாற்றும் திருகு கறுப்பு வெள்ளையில் போய் இறுகிக்கொண்டு, எந்தப் பக்கமும் அசையவில்லை. எஞ்சினையே பிரித்து மாட்டிய கைக்கு அந்தத் திருகு ஒரு பொருட்டா? ஆனால் அவர் அதைத் தொடவே இல்லை. “நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்கு அவுக்கணும்” என்றார். பஸ்ஸுக்கு அடியில் கறுப்பு எண்ணெயும் வெளிச்சக் கீற்றும் தவிர வேறு நிறத்தைப் பார்த்ததே கிடையாதாம். கண்ணுக்கு அதுவே பழகிவிட்டதாம்.

கேமராவோடு அந்தச் சக்கரப் பலகையையும் கேட்டு வாங்கி வந்தார். கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலில் ஊரார் செய்வதைப் போல நின்றுகொண்டு ஒரு செம்பருத்தியைப் படம் எடுத்துப் பார்த்தார். யாரோ தெரியாதவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது பூ. அப்புறம் பலகையைப் போட்டுப் படுத்து, செடிக்கு அடியில் போய் எடுத்தார். பூ எப்படிக் காம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, எந்த இடத்தில் கனம் தாங்குகிறது என்று எல்லாம் தெரிந்தது. அன்றிலிருந்து கொல்லைப்புறத்தில் இருக்கிற எதுவும் மானத்தோடு வாழ முடியவில்லை. காளானுக்கு அடியில், கோஸ் இலைக்கு அடியில், பூசணிப் பிஞ்சுக்கு அடியில் என்று எங்கே பார்த்தாலும் அவர் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரி துணி உலர்த்த வந்தால் முதலில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கொடிப் பக்கமே போவாள்.

படங்கள் நன்றாக இல்லை என்று சொல்ல முடியாது. என்னவென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கோஸ் இலையின் முதுகை மருமகன் உற்று உற்றுப் பார்த்து, புதிதாகப் போடப்போகிற சாலைக்கு வரைபடமா என்று கேட்டார். காளானைப் பார்த்த பணிமனை வெல்டர் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, உடனே மாற்று என்றார். அதில் மெக்கானிக்குக்குக் கோபமே வரவில்லை. ஓரளவு சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று எல்லாப் படத்தையும் கூடத்துச் சுவரில் மாட்டினார். அவர் மனைவி மட்டும் ஒரு படத்தையும் தப்பாகச் சொல்லவில்லை. பார்க்கவே மறுத்துவிட்டாள்.

செடி கொடி போதாமல் போன பிறகு ஆசை உயிருள்ளவற்றின் மேல் போயிற்று. நத்தை எப்படி நடக்கிறது, தவளை எதை வைத்து உட்கார்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அவை மேலே நடக்க, இவர் கீழே படுக்க வேண்டும். நடுவே கண்ணாடி வேண்டும். பணிமனையிலிருந்து பழைய பஸ் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தார். அது வளைந்த கண்ணாடி. தவளை அதில் ஏறி வழுக்கி வழுக்கி விழுந்து, கடைசியில் சலித்துப்போய் வேலி தாண்டிப் போய்விட்டது. தட்டையான, கனமான, பெரிய கண்ணாடி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சாப்பாட்டு மேசையின் மேல்பலகை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் கண்ணாடி வெறும் கண்ணாடி இல்லை.

மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரே ஒரு அக்கா. அக்காவும் அவள் புருஷனும் மேசை நாற்காலிக் கடை வைத்திருக்கிறார்கள். தங்கை இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, கடையின் முகப்பில் அழகுக்கு வைத்திருந்த மேசையை அக்கா அப்படியே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினாள். தங்கை சந்தோஷத்தில் இரண்டு நாள் அதன் மேல் தட்டே வைக்கவில்லை. மூன்றாம் நாள் ஏதோ பேச்சுவாக்கில், “கண்ணாடியா, கை பட்ட இடமெல்லாம் தெரியுதுக்கா, தொடச்சு மாளல” என்று சொல்லிவிட்டாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அக்காவோ, தன் கடையையே குறை சொன்னதாக எடுத்துக்கொண்டாள். “அப்போ உனக்கு வேலை வெச்சுட்டேன்னு சொல்லு” என்று எழுந்து போனவள் அப்புறம் வரவில்லை. கல்யாணம் காட்சிக்குப் போனாலும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் ஒரு ஆளை வைத்துச் சொன்னார்கள். பெரும்பாலும் அந்த ஆள் மெக்கானிக்தான்.

தங்கைக்கும் வீம்பு குறைவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்து முதல் வேலையாக அந்தக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று துடைத்தாள் என்று கேட்கக் கூடாது. வர வேண்டியவள் ஒருநாள் வந்தால் ஒரு விரல் அடையாளம்கூட இருக்கக் கூடாது. அவ்வளவுதான். தொலைபேசி அடித்தால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வருவாள். யாரென்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடுவாள்.

இதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே, மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி, கொல்லையில் எலுமிச்சை நிழலில் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்தார். அவள் திரும்புவதற்குள் மாட்டிவிடலாம் என்று கணக்கு. நத்தை, தவளை, ஒரு பச்சோந்தி எல்லாம் ஆயிற்று. வாத்து ஒன்றுதான் பாக்கி. தையல்காரி வளர்க்கிற வாத்து. பூமியில் எந்தப் பிராணிக்கும் அடிப்பக்கம் அவ்வளவு கச்சிதமாக அமையவில்லை என்பது அவர் கட்சி. அந்தக் கால் ஜவ்வைத்தான் பின்பக்க சஸ்பென்ஷன் என்பார்.

தானியத்தைத் தூவி வாத்தை மேலே ஏற்றினார். ஏறிய வாத்து தானியத்தைத் தின்றது, நாலு பக்கமும் பார்த்தது, பூனை ஏற முடியாத இடம் என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் வந்தது. வரும்போதெல்லாம் ஒரு முட்டை இட்டது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. முட்டை உருண்டுவிடாமல் இருக்கத் தையல்காரி தன் கடையிலிருந்து வெட்டுத்துணியை அள்ளி வந்து சுற்றிலும் அணை கட்டிவிட்டாள். கீழே படுத்துப் பார்த்தால் நடுவில் மட்டும் தெளிவாகத் தெரியும். முட்டைகள், அவற்றின் மேல் வெள்ளை வயிறு, அவ்வப்போது மேலிருந்து அலகு இறங்கி வந்து முட்டையை ஒவ்வொன்றாகப் புரட்டும். மெக்கானிக் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டு கிடந்தார்.

மனைவி ஊரிலிருந்து வந்தாள். அவர் மேசை விரிப்பை இழுத்துப் பிடித்து நாலு மூலையிலும் ஆணி அடித்து, கண்ணாடி இருப்பது போலவே செய்து வைத்திருந்தார். விரிப்பு புதுசா என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அவள் கொதிக்கிற பருப்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பாத்திரம் விரிப்போடு கீழே போயிற்று. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் பேசியதை எல்லாம் இங்கே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பருப்பு காய்ந்து தரையில் ஒட்டுகிற வரைக்கும் பேசினாள். இந்த நிமிஷமே கண்ணாடி உள்ளே வர வேண்டும் என்று கொல்லைக்குப் போனால், அங்கே தையல்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“என் வாத்தை எடம் மாத்தினா அது முட்டையை விட்டுட்டுப் போயிடும். அப்புறம் அத்தனையும் கூமுட்டைதான். நீங்க அடை காப்பீங்களா?”

மெக்கானிக்கின் மனைவிக்கு வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. ஆனால் வாத்து நிமிர்ந்து அவளையே பார்த்தது. அவளும் பிள்ளை பெற்றவள். திரும்பி வந்து, ஓட்டை மேசையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதா வர வேண்டும் அந்தத் தொலைபேசி?

மெக்கானிக் எடுத்தார். எடுத்த உடனே எழுந்து நின்றார். “சொல்லுங்க அண்ணி” என்றார். மனைவியின் அக்காவைத்தான் அப்படிக் கூப்பிடுவார். சமையலறை வாசலில் மனைவியின் கரண்டி அப்படியே நின்றது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் “இருக்கு அண்ணி, நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

“என்ன கேட்டா?”

“ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். சாப்பிட்டுட்டுப் போறாங்களாம். மேசை இருக்கான்னு கேட்டாங்க.”

“என்னைக் கேட்டாளா?”

“மேசையைத்தான் கேட்டாங்க.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய், இல்லாத கண்ணாடியைத் துடைக்கிற துணியை எடுத்து அலசிக் காயப்போட்டாள். எத்தனை சண்டை போட்டாலும் அசையாத மனுஷன் அதைப் பார்த்துத்தான் ஆடிப்போனார். அக்கா வந்து, தான் கொடுத்த மேசை ஓட்டையாக நிற்பதைப் பார்த்துவிட்டால், இந்த ஜன்மத்தில் இன்னொரு தொலைபேசி வராது.

வேறு கண்ணாடி வாங்கலாம் என்றால், விளிம்பில் பச்சை ஓடுகிற அந்தக் கனத்தை அக்கா தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துகொள்வாள். அவள் தொழிலே அதுதானே. முட்டை பொரிகிற வரை தள்ளிப் போடலாம் என்றால், இத்தனை வருஷம் கழித்து வருகிறேன் என்றவளிடம் அப்புறம் வா என்று யார் சொல்வது? மெக்கானிக் ஒருநாள் முழுக்கப் பலகையில் படுத்து வாத்தையே பார்த்தார். சாயங்காலம் எழுந்து வந்து, தீர்த்துவிட்டேன் என்றார். வாத்தை இடம் மாற்றினால்தானே குற்றம்? வாத்து இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இடத்தை மாற்றுவோம்.

தையல்காரி இதைக் கேட்டு வெகுநேரம் யோசித்தாள். வாத்தும் நகரவில்லை, துணியும் நகரவில்லை, முட்டையும் நகரவில்லை என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். அவளும் நியாயஸ்திதான்.

சனிக்கிழமை பணிமனைக் கூட்டாளிகள் நாலு பேர் வந்தார்கள். நாலு மூலைக்கும் ஜாக்கி கொடுத்து, ஒரு மூலை தாழாமல் ஒரு மூலை உயராமல் கண்ணாடியைத் தூக்கினார்கள். மெக்கானிக் தரையில் படுத்து, “முன்னாடி வலது கொஞ்சம் ஏத்து” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொல்லைக் கதவு ஒரு விரல் அகலம் போதவில்லை. கண்ணாடியைச் சாய்க்கவும் முடியாது. அவர்கள் அப்படியே தூக்கிப் பிடித்து நிற்க, இவர் கதவைக் கீலோடு கழற்றி எடுத்தார். அந்த நேரத்தில் வாத்து கழுத்தை நீட்டி வெல்டரின் மீசையைப் பிடித்துக்கொண்டது. வெல்டர் கையை விட முடியாது, தலையை எடுக்கவும் முடியாது. கண்ணில் நீர் வடிய, “மல்லாக்கு, சீக்கிரம்பா” என்று மட்டும் சொன்னார். வாத்து ஊர்வலம் போகிற அம்மணி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் போயிற்று. கண்ணாடி பழைய சட்டத்தின் மேல் நோகாமல் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக்கின் மனைவி வாத்து இல்லாத இடத்தை எல்லாம் துடைத்தாள். வாத்து முறைத்த இடத்தை விட்டுவிட்டாள்.

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் மேசைக்குப் போய்விட்டது. கூடத்தில் நின்று பார்த்தாள். நல்ல தட்டுகள் இருந்தன, தண்ணீர் டம்ளர்கள் இருந்தன, நடுவில் வாத்து உட்கார்ந்திருந்தது. மேசைக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் கால் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. விருந்தாளி வருவதற்குள் எழுந்துவிடுவதாகச் சொன்ன ஆள்தான்.

அக்கா நாற்காலியை இழுத்து, வாத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். தங்கை நின்ற பக்கம் திரும்பவில்லை.

“மாப்பிள்ளை, சாப்பாட்டு மேசையில வாத்தை உக்கார வெச்சிருக்காளே உங்க வீட்டுக்காரி, இது எனக்குக் காட்டுற மரியாதையான்னு கேளுங்க.”

தங்கையும் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். “ஏங்க, அது நான் வெச்சதில்லைன்னு சொல்லுங்க. தெனமும் தொடச்சுத் தொடச்சுத்தான் இந்த மேசையை வெச்சிருக்கேன்னு சொல்லுங்க.”

“தொடச்சு மாளலைன்னு சொன்ன வாய்தானே அது, கேளுங்க மாப்பிள்ளை.”

“சொன்னேன். அப்புறம் ஒருநாள் தொடைக்காம விட்டிருப்பேனான்னு உங்களையே கேக்கச் சொல்லுங்க. நீங்கதான் பார்த்தீங்களே, சொல்லுங்க.”

மெக்கானிக் அடியிலிருந்து சாட்சி சொன்னார். இந்த இடத்தில் எந்தப் புருஷனும் ஒரே ஒரு வார்த்தை சொல்லி முடித்திருப்பான். இவர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிற ஜாதி.

“மேல்பக்கம் தெனமும் தொடைப்பா அண்ணி, அதுல பொய் இல்ல. அடிப்பக்கம் தொட்டதே இல்ல. உங்க கடை ஸ்டிக்கர்கூட அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு.”

தங்கையின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருஷத் துடைப்பும் ஒரு பேச்சில் போயிற்று. அவள் சமையலறைக்குத் திரும்பினாள்.

அக்காவுக்கோ நம்பிக்கை வரவில்லை. கடையிலிருந்து போகும் எந்தச் சாமானின் ஸ்டிக்கரையும் வாங்கியவர்கள் முதல் நாளே கிழித்துப் போட்டுவிடுவார்கள். இந்த மனுஷன் ஏதோ உளறுகிறார் என்று, எழுந்திருங்கள் நானே பார்க்கிறேன் என்றாள். அவர் எழுந்தார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு பலகையில் படுத்தாள். அந்தப் பலகைக்கு ஒரு பழக்கம் வேண்டும். அவள் தரையை உந்திய உந்தில் மேசைக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து குளிர்பதனப் பெட்டியில் முட்டிக்கொண்டு நின்றாள். மெக்கானிக் மரியாதையாகக் காலைப் பிடித்து இழுத்து, மேசைக்குக் கீழே நிறுத்திக் கொடுத்தார்.



ஸ்டிக்கர் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அவள் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வெள்ளை வயிற்றுக்கு நடுவே அலகு இறங்கியது. ஒரு முட்டையைத் தொட்டு, யோசித்து, மெதுவாக ஒரு பக்கமாகப் புரட்டிவிட்டு, மறுபடி மேலே போனது. ஜவ்வுக் கால் ஒன்று கண்ணாடியில் விரிந்து, அக்காவின் முகத்துக்கு நேரே அழுந்தியது.

“ஏய்,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “இங்க வந்து இதைப் பாருடி.”

நடுவில் மாப்பிள்ளை இல்லை, சுவர் இல்லை. தங்கை சமையலறை வாசலில் திரும்பினாள். மெக்கானிக் வாயைத் திறக்கப் போனார். அவள் கையைக் காட்டி அடக்கிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, தலையை மேசைக்குக் கீழே நீட்டினாள். பிறகு அக்கா பக்கத்திலேயே வெறுந்தரையில் படுத்தாள்.

“எங்கக்கா?”

“இரு, இப்பத்தான் திருப்புச்சு. மறுபடி திருப்பும். இவ்வளவு நாள் இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா எனக்கு ஒரு போன் பண்ணல?”

“நீ எடுத்திருப்பியா?”

“எடுத்திருக்க மாட்டேன்,” என்றாள் அக்கா. அதில் அவள் பிசகவே இல்லை.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து மெக்கானிக்கைத் திட்டினார்கள். பருப்பு விழுந்த கதையைத் தங்கை சொல்ல, கதவைக் கழற்றிய கதையைக் கேட்டு அக்கா தலையில் அடித்துக்கொள்ள இடமில்லாமல் கண்ணாடியில் இடித்துக்கொண்டாள். வாத்து கோபமாக ஏதோ சொன்னது. எத்தனை நாளில் பொரியும் என்று அக்கா கேட்டாள். சொன்னார்கள். பொரிந்த பிறகுதான் போவதாகச் சொல்லிவிட்டு, தலையணை ஒன்று கேட்டாள். மெக்கானிக் கேமராவை எடுத்துக்கொண்டு குனிந்தார். அடியில் இம்மி இடமில்லை. வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நில்லுங்கள் என்று மனைவி சொன்னாள்.

கடையில் காத்திருப்பாரே என்று அக்கா புருஷனுக்குத் தகவல் சொல்லச் சொன்னார்கள். மெக்கானிக் தொலைபேசியை எடுத்தார்.

“சகலை, அண்ணி வர நாளாகும். வாத்துக்கு அடியில படுத்திருக்காங்க.”

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

“தங்கச்சிகூடப் பேசுனாளா?” என்று கேட்டது குரல்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். எதற்கோ வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. எந்த முட்டை முதலில் பொரியும் என்று போல இருந்தது. ஒருத்தியும் விட்டுக்கொடுக்கிற மாதிரி தெரியவில்லை.

“சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க,” என்றார்.

“அப்போ சரி,” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.